அண்மைக் கால வரலாறும் அன்பான காட்டுப்பூனையும்

மூங்கில் காட்டு உயர்நிலைப் பள்ளியில் துள்ளி என்றொரு முயல் படித்தாள். ஓட்டம், வளை தோண்டுதல் இரண்டிலும் அவள்தான் முதல். வரலாறும் தலைகீழ்ப் பாடம். முன்னோர் ஒருவர் நிலாவில் போய் உட்கார்ந்ததோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். பிறகு என்ன நடந்தது என்று எவரும் கேட்டதில்லை. படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினால் ஆற்றுக்கு அக்கரையில் தன்னந்தனியாகப் புல் மேயலாம். துள்ளிக்கு இப்போதே நாக்கில் எச்சில் ஊறியது.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை முள்ளம்பன்றி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இனிமேல் அண்மைக் கால வரலாற்றிலும் தேறினால்தான் சான்றிதழ்! கடந்த பத்து மழைக்காலங்களில் காட்டில் நடந்ததெல்லாம் பாடமாம்.

துள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பையே கூட்டிக்கொண்டு பள்ளி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். முந்தாநாள் நடந்ததெல்லாம் ஒரு வரலாறா என்று முயல்கள் போட்ட கூச்சலில் மூங்கில் இலைகள் உதிர்ந்தன.

சத்தம் கேட்டுக் காட்டுப்பூனை ஒன்று வந்தது. பிஞ்சு மண்டைக்குள் இத்தனை பாரமா என்று கண் கலங்கியது. சான்றிதழே வேண்டாம் என்றும், தானே அக்கரைக்கு அழைத்துப் போவதாகவும், அங்கே விருந்து தயார் என்றும் சொன்னது. முயல்கள் குட்டிக்கரணம் போட்டன.

"கொஞ்சம் இருங்க. பாடத்தை எதிர்த்து மனு எழுதணும். எதை எதிர்க்கிறோம்னு பார்த்துடறேன்" என்று துள்ளி புதுப் பாடப் புத்தகத்தைப் பிரித்தாள்.

பூனைக்கு மீசை துடித்தது. "அதெல்லாம் எதுக்கும்மா? கண்ணு கெட்டுப்போயிடும்!"

கடைசிப் பாடமான மூன்றாம் பாடத்தில் துள்ளியின் காதுகள் விறைத்தன. இரண்டு மழைக்கு முன்பு கீழ்க்காட்டுப் பள்ளியிலும் இப்படித்தான் முயல்கள் வாசலில் உட்கார்ந்திருக்கின்றன. இடது காது கிழிந்த பூனை ஒன்று வந்து கண் கலங்கியிருக்கிறது. விருந்துக்குப் போனவை நாற்பது முயல்கள். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னது ஒரே ஒரு முயல்.

துள்ளி மெல்ல நிமிர்ந்து பூனையின் இடது காதைப் பார்த்தாள். கிழிந்துதான் இருந்தது.

"மாமா, அந்த விருந்துல சாப்பாடு யாரு?"

பூனை பாய்ந்தது. "ஓடுங்க!" என்று துள்ளி கத்தியதும் கண்மூடித் திறப்பதற்குள் அத்தனை முயல்களும் வளைக்குள் புகுந்துவிட்டன. பூனையின் வாயில் சிக்கியது ஒரு கைப்பிடி மண்தான்.

மறுநாளே மனு தலைமையாசிரியையின் கைக்குப் போனது. நேற்று நடந்ததையும் நான்காம் பாடமாகச் சேர்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

நேற்று நடந்ததைத் தெரிந்துகொள்ளச் சோம்புகிறவர், நாளை அதே வலையில் தாமாகவே போய் விழுவார்.