அமான் என்ற சொல்லுக்குத் தமிழ்

தமிழ் பழகிய அரபுக் கப்பல்காரர்கள் நவாபுக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுத்தாலும் கொடுத்தார்கள், கோட்டையில் ஒருத்தருக்கும் உறக்கமில்லை. அதில் 'அமான்' என்று ஒரு சொல். அதைத் தமிழில் சரியாகச் சொல்லாதவனுக்குப் பாதாளக் கிடங்கு என்று நவாப் உத்தரவு போட்டுவிட்டார். அரபு படித்த அரண்மனை எழுத்தர், ஒரு முன்ஷி, 'காவல்' என்றார். இன்னொருவர் 'அபயம்' என்றார். "இது இல்லை" என்று சிரித்துக்கொண்டே இருவரையும் உள்ளே தள்ளினார் நவாப். அவர்கள் முனகுவது தர்பார் வரை கேட்டது.

அடுத்து இழுத்து வரப்பட்டவன், துறைமுகங்களில் அரபு பேசிப் பழகிய கப்பல் சமையல்காரன் கலந்தர்.

"கரண்டி பிடிக்கிறவனே, சொல்லுடா!"

"ஹுசூர், கதையில் கைதி காலில் விழுகிறான், சுல்தான் அமான் கொடுக்கிறார். அப்போது அவர் சொல்வதை ஓர் அரசர் வாயால் கேட்டால்தான் இந்த மரமண்டைக்கு ஏறும்" என்று கலந்தர் காலில் விழுந்தான்.

நவாபுக்குப் பெருமை தாங்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு, "எழுந்திரு கலந்தர்! இனி உன் உயிருக்கு நான் பொறுப்பு. உன்னை யாரும் தொட முடியாது!" என்று முழங்கினார்.

தர்பாரில் நின்ற கப்பல்காரர்கள் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். சபையறியக் கொடுத்த அமானை மீறியவன் துறைக்கு அவர்கள் கப்பல் விடுவதில்லை. அது நவாபுக்கும் தெரியும்.

கலந்தர் எழுந்து சலாம் வைத்தான்.

"சொல் எங்கேடா?" என்றார் நவாப். குரல் இறங்கியிருந்தது.

"சொல் சொன்னவர்கள் கிடங்கில் இருக்கிறார்கள், ஹுசூர். எனக்கு அமானே கிடைத்துவிட்டது" என்றவன், முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வாசலைத் தாண்டினான்.