கூட்டத்தைத் தவறவிட்ட வரித்தலை வாத்து

பனிக்காலத்தில் மலை தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் ஒரு குளத்தில் தங்கியிருந்தன. கோடை வெயில் ஏறியதும் ஊர் திரும்ப வேண்டும். வழிக்காக எல்லா வாத்துகளும் நன்றாக மேய்ந்து சதையில் கொழுப்பைச் சேர்த்தன. காலையும் மாலையும் குளத்துக்கு மேலே பறந்து பழகின.

வரியன் என்ற வாத்து மட்டும் பறக்கவில்லை. "பறந்தால் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடுமே!" என்று கணக்குப் போட்டான். பெரிய கெட்டிக்காரன்! கரைக்கு வருவோர் வீசிய பொரியுருண்டைகளை விழுங்கிவிட்டு நிழலில் மிதந்தான்.

புறப்படும் நாள் வந்தது.

"கிளம்பு வரியா! காத்து நல்லா இருக்கு!" என்றாள் அவன் தோழி வெண்முகி.

வரியன் சிறகடித்தான். தண்ணீர்தான் தெறித்தது. வெண்முகி தலைக்கு மேலே இரண்டு முறை வட்டமிட்டுக் கூப்பிட்டாள். பிறகு கூட்டத்தோடு போய்விட்டாள்.

அன்று முதல் குளம் அவனுக்கு மிகப் பெரிதாகிவிட்டது. நாளெல்லாம் தின்றான். ஆனாலும் உடம்பில் தெம்பே இல்லை.

குளத்தில் மிச்சம் இருந்தது ஓர் ஆமைதான். கோடை முடியும்வரை சேற்றுக்குள் தூங்க அது கிளம்பிக்கொண்டிருந்தது.

"ஆமையக்கா! வெண்முகி சதையிலும் இதே கொழுப்புதானே? அவளால மட்டும் எப்படி முடிஞ்சுது?"

ஆமை அலுப்போடு திரும்பியது. "அவ தினமும் எடுத்துச் செலவழிச்சா. இடம் காலியாச்சு, புதுசு உள்ளே போச்சு. நீ சதையோட வாசல்வரைக்கும் கொழுப்பை அடுக்கி வச்சிருக்கே! தின்ன இனிப்பு சதைக்குள்ளே போக வழியில்லாம ரத்தத்திலேயே சுத்துது. தெம்பு எங்கேருந்து வரும்?"

"இப்போ நான் என்ன செய்ய?"

"பற! குளம் வத்தப் போகுது. நான் மழைக்குத்தான் எழுந்திருப்பேன்."

பேச்சுத் துணைக்கு இருந்த ஒரே ஜீவனும் சேற்றுக்குள் போய்விட்டது. வரியன் அழுதான். அழுது முடித்துவிட்டுப் பறந்தான். முதல் நாள் பத்தடி தூரம் போய்த் தொப்பென்று விழுந்தான். அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆளில்லை. மறுநாளும் பறந்தான். பொரியுருண்டைப் பக்கம் போகவே இல்லை. நாளாக ஆக, தின்ற புல் உடம்பில் ஒட்டியது; சிறகில் வலு ஏறியது.

குளம் வறண்டு வெடித்த அன்று அவன் எழும்பிவிட்டான்! ஆனால் மலை தாண்டும் பருவம் போயிருந்தது. தண்ணீர் இருந்த ஓர் ஏரியைத் தேடி இறங்கினான். உயிர் பிழைத்தான்.

"வந்துட்டேன்!" என்று கூவினான். பதிலுக்கு யாரும் கூவவில்லை. கூட்டம் திரும்பி வர இன்னும் ஆறு மாதம் இருந்தது.

செலவழிக்காமல் சேர்த்துக்கொண்டே போனால், சேர்த்ததே நம் வாசலை அடைத்துவிடும்.