வழங்கியும் சேவையகமும்

குற்றாலிங்கத்துக்கு வயது அறுபத்து மூன்று. அவருடைய ஆசிரியை மைமூனாவுக்கு முப்பத்து நான்கு.

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் மைமூனா இணைய நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தார். கல்லூரியில் முப்பது வருஷம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற குற்றாலிங்கம் திங்கள்கிழமை வகுப்பில் முதல் வரிசையில் உட்காருவார். கேள்வி கேட்பதென்றால் எழுந்து நின்றுதான் கேட்பார். எத்தனை தடவை சொன்னாலும் உட்கார மாட்டார்.

ஒரு திங்கள்கிழமை எழுந்து நின்றார்.

“டீச்சர், நாம அனுப்புற கேள்வியை வாங்கிப் பதில் சொல்லுற கம்ப்யூட்டர் இருக்கே, சர்வர். அதுக்குச் சரியான தமிழ்ச் சொல் எது? வழங்கியா, சேவையகமா?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மைமூனாவுக்குத் தெரியும்.

குற்றாலிங்கமும் பாக்கியமுத்துவும் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தவர்கள். பாக்கியமுத்து இயற்பியல். ஓய்வு பெற்றதும் இருவரும் சேர்ந்து இணைய நிரல் சொற்களுக்கு ஓர் அகராதி எழுத உட்கார்ந்தார்கள். முந்நூற்று நாற்பது சொற்கள். ஒன்றைத் தவிர எல்லாம் முடிந்தது.

“வழங்கின்னா ரேஷன் கடைக்காரர் ஞாபகம்லா வே வருது” என்றார் பாக்கியமுத்து.

“சேவையகம்னா மட்டும்? டோக்கன் வாங்கிட்டு நிக்குற ஆபீசு!” என்றார் குற்றாலிங்கம்.

அதுவரைக்கும் சிரிப்புதான். பிறகு குரல் உயர்ந்தது. “உமக்குக் கம்ப்யூட்டர் என்னவே தெரியும்?” என்று பாக்கியமுத்து கேட்டுவிட்டார். அந்த ஒரு வரி குற்றாலிங்கத்தின் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்கு முந்தின வரி தன் வாயிலிருந்து வந்தது என்பது மட்டும் எப்படியோ மறந்துபோயிற்று.

எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. காலை நடை கூட ஒருவருக்கு ஐந்தரைக்கு, மற்றவருக்கு ஆறரைக்கு. நிரல் படிக்க வந்தபோதும் ஒருவர் திங்கள், ஒருவர் செவ்வாய்.

“சார், உங்க அகராதியில தேடுறதுக்கு ஒரு பக்கம் செய்வோமா? சனிக்கிழமை எல்லார் முன்னாலயும் போட்டுக் காட்டலாம்” என்றார் மைமூனா.

“செய்வோம் டீச்சர்.”

“பின்னால ஓடுற நிரலை நீங்க எழுதுங்க. வந்த சொல்லை வாங்கி, பட்டியல்ல தேடி, பதிலைத் திருப்பி அனுப்பணும். திரையில தெரியுற பக்கத்தைச் செவ்வாய்க்கிழமை வகுப்பில ஒருத்தர் எழுதுவார்.”

யார் என்று குற்றாலிங்கம் கேட்கவில்லை. யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார்.

“ஒண்ணு மட்டும் சார். அந்தப் பக்கம் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுதோ, அந்தப் பேர்லதான் உங்க நிரல் இருக்கணும். எந்தப் பேர்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.”

அவர் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று நாள் பாடுபட்டு நிரலை எழுதி, ‘வழங்கி’ என்று பெயரிட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை மாலை மைமூனா அவரை வரச்சொல்லி, இரண்டையும் சேர்த்து, ஒரு சொல்லைத் தட்டிப் பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

சேவையகம் என்ற பெயரில் இங்கே எதுவும் இல்லை.

“என் நிரல்ல தப்பா டீச்சர்?”

“ஒரு தப்பும் இல்லை. அழகா எழுதியிருக்கீங்க. அவரும்தான்.”

“அப்புறம் ஏன்?”

“அது கூப்பிடுது. இது திரும்பிப் பார்க்கல.”

குற்றாலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“காலையில அவருக்கும் இதைக் காட்டினேன். அவரும் கண்ணாடியைத்தான் துடைச்சார்” என்றார் மைமூனா.

மறுநாள் காலை நடையில் குற்றாலிங்கத்துக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவு வந்தது. கல்லூரியில் இருந்தபோது ஒரு வருஷம் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து, குரலே இல்லாமல் இரண்டு வாரம் கிடந்தார். அந்த இரண்டு வாரமும் அவருடைய தமிழ் வகுப்பை எடுத்தது பாக்கியமுத்துதான். எழுத்தும் எழுத்தும் புணர்வதைக் காந்தத்தை வைத்து நடத்தினாராம். மாணவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அந்த வருஷம் புணர்ச்சி விதியில் ஒருவன் கூடத் தப்பு விடவில்லை.

அந்த மனுஷனைப் பார்த்துத்தான் ‘உமக்குத் தமிழ் என்னவே தெரியும்’ என்று கேட்டிருந்தார். மறந்துபோன வரி நடுப்பாதையில் அவரை நிறுத்திவிட்டது.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தார். ‘வழங்கி’யை அழித்தார். ஒவ்வோர் எழுத்தாக ‘சேவையகம்’ என்று தட்டினார். யாருக்கும் சொல்லாமல் ஏற்றிவிட்டார். மத்தியானம் ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை இரண்டு வகுப்பும் ஒன்றாகக் கூடியிருந்தது. பாக்கியமுத்து ஜன்னலோரம், குற்றாலிங்கம் கதவோரம். பாக்கியமுத்துவின் முகத்தில் ஏதோ ஒரு குறும்பு தெரிந்தது. குற்றாலிங்கத்துக்கு அது புரியவில்லை. தன் முகத்திலும் அதேதான் இருந்தது என்பதும் அவருக்குத் தெரியாது.

மைமூனா ஒரு சொல்லைத் தட்டிப் பொத்தானை அழுத்தினார்.

வழங்கி என்ற பெயரில் இங்கே எதுவும் இல்லை.

“நான்தான் மாத்திட்டேனே!” என்று இரண்டு குரல் ஒரே சமயத்தில் எழுந்தது.

இருவரும் எட்டு மாதம் கழித்து ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள்.

“என்னத்தவே மாத்தினீரு?” என்றார் பாக்கியமுத்து.

“உம்ம பேரை வச்சேன். நீரு?”

“நான் உம்ம பேரைப் போட்டேன் வே!”

முதலில் சிரித்தது பாக்கியமுத்து. பிறகு குற்றாலிங்கம். சிரிப்பில் பெஞ்சு ஆடியது. பாக்கியமுத்து எழுந்து வந்து அவர் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருவருக்கும் கண்ணில் நீர் வழிந்தது. வகுப்பே கைதட்டியது.

“சரி, நான் பழையபடி சேவையகம்னு மாத்திருதேன்” என்றார் பாக்கியமுத்து.

“வேண்டாம் வே, நான் வழங்கின்னு மாத்துதேன்... இல்ல, அது வேண்டாம். சேவையகம்தான் நல்ல சொல்லு. கேட்டாலே மரியாதையா இருக்கு.”

“வழங்கிதான் வே சொல்லு! மூணே மூணு எழுத்து... இல்ல, நாலு.”

“சேவையகம்!”

“வழங்கி!”

மறுபடி குரல் உயர்ந்தது. வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடைசியில் குற்றாலிங்கம் எழுந்து நின்றார்.

“டீச்சர், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்களே இந்தப் பிழையைத் திருத்திருங்க.”

மைமூனா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“வியாழக்கிழமை வந்த பிழையை அப்பவே திருத்திரலாம்னு கை துடிச்சுது சார்” என்றார். “இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருக்கேனே.”