இரண்டு விரல் இடைவெளி

மேகங்கள் நடந்துபோகட்டும் என்று வழிவிட்டதுபோல, இரண்டு மலைகளுக்கு நடுவே நீண்டு கிடந்தது அந்தச் சுடுதளம். இந்தக் கரையில் படுத்துச் சுட்டால், எங்கோ எதிர்ச்சரிவில் அரிசியளவு தெரியும் இரும்புத் தகட்டில் போய்க் குண்டு படும். பட்ட சத்தம் உடனே வராது. மறந்துபோன பெயர் ஞாபகம் வருவதுபோல, கொஞ்சம் கழித்து, 'ணங்' என்று மெதுவாக வந்து சேரும்.

நாச்சியாருக்கு அந்தச் சத்தம் என்றால் உயிர். சில வாரங்களாக அது வருவதே இல்லை.

நாச்சியார் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். வாதத்தில் இறங்கினால் லேசில் கரையேற மாட்டாள் என்று பெயரெடுத்தவள்.

அந்தத் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கியின் முதுகில், தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் ஸ்கோப்பைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு வளையங்களை மவுண்ட் என்பார்கள். முதன்முதலில் மாநிலப் போட்டியில் ஜெயித்தவர் தன் மவுண்டைத் தளத்துக்கு விட்டுப்போனார். அதன்பிறகு போட்டிக்குப் போகிறவருக்கெல்லாம் அதையே கொடுத்தனுப்பினார்கள். கறுப்புப் பூச்சு தேய்ந்து ஓரங்களில் வெள்ளி தெரியும். இதுவரை ஐந்து பேர் வாங்கியிருந்தார்கள். ஐந்து பேரும் ஆண்கள்.

நாச்சியார் போன வருடமே மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றாள். மவுண்டைக் கொடுக்கவில்லை. இந்த வருடமும் தளத்தில் அவளுக்கு மேல் சுட ஆளில்லை. அப்போதும் இழுத்தார்கள்.

"அஞ்சு பேருக்கும் யோசிக்காமத் தூக்கிக் குடுத்தீங்க. எனக்குன்னா மட்டும் கமிட்டி கூடணுமா?"

"அதுக்கில்லம்மா. ராசியான பொருள்..." என்றார் தளத்தின் செயலாளர்.

"அந்த ராசி என் துப்பாக்கில உக்காந்தா கூசுமா சார்?"

கடைசியில் கொடுத்தார்கள். மாட்டினாள். அன்றிலிருந்து ஒரு குண்டு தகட்டுக்கு மேலே போயிற்று, அடுத்தது கீழே போயிற்று. காற்றைத் திட்டினாள். தோட்டாவைத் திட்டினாள். திருகை இன்னும் இறுக்கினாள்.

மறுநாள் காலையில் போட்டிக்குப் பஸ். மத்தியானம், பயிற்சியாளர் தவமணியிடம் வந்து நின்றாள். தவமணி வயதில் சின்னவள். அதனால் அங்கே ஆசிரியைதான் மாணவியை 'அக்கா' என்பாள். மாணவி ஆசிரியையை 'மாஸ்டர்' என்பாள்.

"மாஸ்டர், தூரத்துக்குச் சுட நல்ல மவுண்ட் எது?"

தவமணி எழுந்து போய் ஒரு கொய்யா இலையைப் பறித்து வந்தாள்.

"படுங்க அக்கா."

நாச்சியார் பாயில் குப்புறப் படுத்தாள். துப்பாக்கியின் மரக்கட்டையில், கன்னம் படுகிற இடத்தில், தவமணி இலையை வைத்தாள்.

"இதைக் கன்னத்தால பிடிச்சுக்கங்க. விடாமத் தகட்டைப் பாருங்க."

நாச்சியார் ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். இலை பாயில் விழுந்தது.

"ஈர இலை மாஸ்டர். வழுக்குது."

தவமணி காய்ந்த இலை ஒன்று கொண்டுவந்தாள். அதுவும் விழுந்தது.

"காத்தடிச்சிருச்சு."

காற்றே இல்லை. மேகம்கூட நின்ற இடத்தில் நின்றது. இன்னோர் இலை வந்தது. விழுந்தது.

"இந்த மரத்து இலையே சரியில்ல."

தவமணி சிரிக்கவில்லை. "கண்ணை மூடுங்க. தூங்கப்போற மாதிரி கட்டைல கன்னத்தைச் சாச்சுக்கங்க."

கண்ணை மூடினாள். மரம் வெதுவெதுப்பாக இருந்தது. கழுத்தில் இத்தனை நாள் ஒரு வலி இருந்திருக்கிறது என்பது, அது கரைந்துபோனபோதுதான் தெரிந்தது. மலைகள் இரண்டும் மூச்சு வாங்கி விடுவதுபோல் இருந்தது. தானே அந்தப் பள்ளத்தாக்காகி, தனக்குள்ளே மேகம் நடந்துபோவதுபோலவும் இருந்தது. கன்னத்தின் அடியில் இலை அசையாமல் கிடந்தது.

"இப்ப திறங்க. என்ன தெரியுது?"

"இருட்டு. ஓரமா, பிறை மாதிரி கொஞ்சம் வெளிச்சம்."

"தகடு?"

"இல்ல."

"தகட்டைப் பாருங்க."

நாச்சியாரின் தலை தானாக உயர்ந்தது. அவள் கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவே தவமணி இரண்டு விரல்களை நுழைத்தாள். எதிலும் படாமல் நுழைந்தன.

"இவ்வளவு தூக்கி, தலையை அந்தரத்துல நிறுத்திச் சுடுறீங்க. ஒரு தடவை தூக்கின உயரம் அடுத்த தடவை இருக்காது."

"கட்டைல துண்டைச் சுத்திக்கிறேன்."

"போட்டில விட மாட்டாங்க."

"அப்ப, மவுண்ட் மோசம்."

"நல்ல மவுண்ட்."

"என் முகம் மோசமா?"

"நல்ல முகம்."

"பின்ன எதுதான் மாஸ்டர் கோளாறு?"

தவமணி விரல்களை அங்கிருந்து எடுக்கவில்லை.

பிறகு உள்ளே போய் ஒரு ஜோடிக் குட்டை வளையங்களைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். புதியவை. யார் பெயரும் அவற்றோடு ஒட்டியிருக்கவில்லை.

"அது உயரம். இதை மாட்டினா ஸ்கோப் உங்க கண்ணளவுக்கு இறங்கி உக்காரும். குழலுக்கும் லென்சுக்கும் நடுவுல ஒரு காகிதம் நுழையும். அது போதும். பொழுது சாயறதுக்குள்ள குறியும் சரிபண்ணிரலாம்."

நாச்சியார் எழுந்து உட்கார்ந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"முடியாது. அந்த ராசி மவுண்டை வாங்க நான் எத்தனை பேரோட மல்லுக்கு நின்னேன்னு உங்களுக்கே தெரியும். இப்பக் கழட்டி வச்சா என்ன பேசுவாங்க? 'பாத்தியா, பொம்பளைக்குச் சேரலை'ன்னு பேசுவாங்க. எனக்கு அடுத்து ஒருத்தி வந்து கேட்டா, என்னைக் காட்டியே அவளை விரட்டுவாங்க."

"பேசுவாங்கதான்."

"தோத்தாலும் இதோடயே தோத்துட்டு வரேன்."

"ம்."

"அஞ்சு பேரு இதை வச்சு ஜெயிச்சிருக்காங்க மாஸ்டர்!"

"நாலு பேரு."

நாச்சியார் திரும்பிப் பார்த்தாள்.

"மூணாவதா போனாரே செல்வின் சார், அவருக்குக் குட்டைக் கழுத்து. மாட்டிப் பாத்தார், ஒத்துவரலை. அன்னைக்கே கழட்டி என் மேஜைல வச்சுட்டு, சொந்த மவுண்டோட போனார். ஜெயிச்சுட்டு வந்தார்."

நின்றிருந்த மேகம் நகரத் தொடங்கியது. எதிர்ச்சரிவு மங்கி, தகடு கரைந்து, மறுபடி தெரிந்தது. நாச்சியார் குட்டை வளையம் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"நாளைக்குப் பஸ்ல ஏறும்போது செயலாளர் கேப்பார். ராசி மவுண்ட் எங்கம்மான்னு."

"கேப்பார்."

"என்ன சொல்லட்டும்?"

"செல்வின் சார் சொன்னதையே சொல்லுங்க."

"அவர் என்ன சொன்னார்?"

திருகு கழற்றுகிற சாவியைத் தவமணி துணியில் துடைத்து, அவள் பக்கம் நீட்டினாள்.

"அவரை யாருமே கேக்கலையே அக்கா."

நாச்சியார் சாவியை வாங்கினாள். பழைய மவுண்டின் முதல் திருகைக் கழற்றத் தொடங்கினாள்.