தார்ப்பாய்க்கு வெளிய நின்னது

சிரிக்காத, பிள்ள பெத்த ஒடம்பு, தையல் வலிக்கும். பன்னிக்கொட்டத்துக்கு எந்தப் பேய் வரும்னு கேக்கிறியே, பட்டாளத்துக்காரர் வேலாண்டியும் மொதல்ல உன்ன மாதிரிதான் கேட்டாரு. மூணே நாள்ல கேக்கிறத நிறுத்திட்டாரு.

அறுவது வயசுக்கு மேல பன்னி வளக்கக் கெளம்புன மனுசன். தொழில் கத்துக்கிட்டது யார்கிட்ட? செவந்திக்கனிகிட்ட. அவளுக்கு முப்பது வயசு இருந்தா அதிகம். தாத்தா பள்ளிக்கூடம் போறார்னு ஊரே பேசிச்சு. அவ மாமியாக்காரிதான் எங்கிட்ட முறுக்குப் பிழியிற உழக்க எரவல் வாங்கிட்டு, இன்னைக்கு வரைக்கும்... அது கெடக்கட்டும்.

சித்திரக் கடைசி, கத்திரி வெயிலு. அவரோட மொதத் தாய்ப்பன்னி ஒம்பது குட்டி போட்டுச்சு. பொண்டாட்டி பிள்ள இல்லாதவருக்கு அதுதான் வீட்டுப் பேறுகாலம். நம்ம பக்கம் பிள்ள பெத்தவளுக்கு என்ன செய்வோம்? காத்து கருப்பு அண்டாம அறைய அடைப்போம், வேப்பல சொருகுவோம், பச்சத்தண்ணி காட்ட மாட்டோம். அதயே பன்னிக்குச் செஞ்சாரு. நாலு பக்கமும் தார்ப்பாய இறுக்கிக் கட்டி, வாசல்ல அருவாள வச்சு, காலைல அர வாளி, சாயந்தரம் அர வாளி வெந்நி. குட்டிக்குச் சளி பிடிச்சிரக் கூடாதாம். என் ரெண்டாவது பிரசவத்துல எங்கத்த என்னையும் இப்படித்தான் போட்டு அடைச்சா. கதவிடுக்குல மூக்க வச்சுக்கிட்டுக் கெடந்தேன். சரி, கதைக்கு வாரேன்.

மொத நாள் உச்சிப்பொழுதுல ஒரு குட்டி தாய்க்கு அடியில நசுங்கிக் கெடந்துச்சு. மறுநாள் உச்சிக்கு இன்னொண்ணு. மூணாம் நாளும். எல்லாம் மேக்கோரத்துல, ஒரே எடத்துல. சரியா அந்நேரத்துக்கு வெளியில யாரோ தார்ப்பாயத் தட்டுவாங்களாம். ஓடிப்போயி பாத்தா வெறும் கரிசக்காடு. கானல் ஓடும். காக்கா குருவி இருக்காது.

தாய் தீனியத் தொடல. பால் வத்திப்போச்சு. மீதி ஆறும் கத்தக்கூடச் சத்தில்லாம காம்பக் கவ்விக்கிட்டுக் கெடந்துச்சு.

செவந்திக்கனிகிட்ட ஓடினாரு. என்னமோ வருது தாயி, மந்திரிக்க ஆள் சொல்லுன்னாரு. அவ, நாளைக்கு உச்சியில நாம ரெண்டு பேரும் உள்ள இருப்போம்னா. அவ்வளவுதான் சொன்னா.

இருந்தாங்க. கொஞ்ச நேரத்துல இருட்டுக்குள்ள மூச்சு வாங்குற சத்தம், நாய் எளைக்கிற மாதிரி. தாய்ப்பன்னி வாயத் தொறந்து கெடக்கு, அது ஒண்ணு. இன்னொரு மூச்சு அவர் காதுக்குப் பக்கத்துலயே.

"தாயி, ஒனக்குக் கேக்குதா?"

"கேக்குதுய்யா. ஒங்க மூச்சுதான்."

அப்பத்தான் தட்டிச்சு. தப்பு, தப்புன்னு, மேக்கால. தாய்ப்பன்னி காலு நடுங்க எந்திரிச்சு, சத்தம் வந்த பக்கம் போயி, தார்ப்பாயில மூஞ்சிய ஒட்டிப் பொத்துன்னு சாஞ்சுச்சு. அடியில மாட்ட இருந்த குட்டிய செவந்திக்கனி காலப் பிடிச்சு இழுத்துட்டா.

அவர் அருவாளத் தூக்கினாரு. அவ அத வாங்கி, மேக்காலக் கயித்த அறுத்தா.

தார்ப்பாய் வீங்கி, ஒரு ஆளு நொழையிற மாதிரி உள்ள எழும்பிச்சு. மேகாத்துல வேப்பல அத்தனையும் ஆடிச்சு. அவ குட்டிகள மூலையில வைக்கப்பொட்டிக்குள்ள ஒதுக்கினா. கொண்டாந்திருந்த ஓட்டக் கலயத்துல தண்ணி ஊத்தி, தாயோட பிடரிக்கு நேரா தொங்கவிட்டா. சொட்டு, சொட்டு. தொட்டி நெறயப் பச்சத்தண்ணி. பன்னி குடிச்சுது, குடிச்சுது, குடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பொழுது சாயக்குள்ள உறுமிக் குட்டிகளக் கூப்பிட்டுச்சு.

பட்டாளத்துக்காரர் வெளிய எட்டிப் பாத்துட்டு வந்தாரு.

"யாரு தாயி உள்ள வந்தது?"

"குட்டி போட்டவ கூப்பிட்டவங்கதான்யா. மூணு நாளா நீங்க வாசல்லயே நிக்க வச்சுட்டீங்க."

ஏ தமயந்தி, வெளிய நிக்கிறவ அந்தக் கதவ நல்லாத் தெற. ஒங்க மாமியா வஞ்சா நான் பேசிக்கிறேன். மண்பானைத் தண்ணி ஒரு சொம்பு உள்ள கொண்டா, இவளுக்கு.