எதிர்வீட்டுக் குளியல்

எதிர்வீட்டு டெய்லர் வேலுமணியின் மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் ஏறிய நாளிலிருந்து, கோபி மரக்கடை முதலாளி ஆறுச்சாமிக்கு வயிறு எரிந்தது. அதே ஹீட்டரைத் தன் மாடியிலும் வைக்கச் சொன்னார். பிட்டர் நாச்சிமுத்து வைத்து முடித்ததும் அவனிடம் வம்பு இழுத்தார்.

“அவன் தண்ணியை விட என் தண்ணி சூடா வரோணும். இல்லீன்னா எல்லாத்தையும் கழட்டித் தூக்கிட்டுப் போயிரு.”

ஒரே மாதிரி ஹீட்டர், ஒரே வெயில். நாச்சிமுத்து கொஞ்சம் யோசித்தான்.

“நான் சொன்னா நம்ப மாட்டீங்க. ரெண்டு வீட்டுலயும் நீங்களே குளிச்சுப் பார்த்து, எது சூடுன்னு சொல்லிப்போடுங்க.”

ஆறுச்சாமி தன் வீட்டில் குளித்தார். பிறகு துண்டோடு தெருவைக் கடந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. வேலுமணி மரியாதையாகக் குளியலறையைக் காட்டினார். அங்கேயும் தண்ணீர் நன்றாகவே சுட்டது. ஆறுச்சாமிக்கு உடம்பைவிட மனசு அதிகம் வெந்தது.

ஈரத் தலையோடு வெளியே வந்தவரிடம் நாச்சிமுத்து எல்லார் காதிலும் விழக் கேட்டான்.

“எதுங்க முதலாளி சூடு?”

வேலுமணி பக்கத்திலேயே நின்றார். அவரை வைத்துக்கொண்டு அவர் வீட்டுத் தண்ணீரை உயர்த்திச் சொல்ல ஆறுச்சாமிக்கு நாக்கு எழவில்லை.

“என் வீட்டுத் தண்ணிதான்” என்றார்.

“அப்பக் கழட்ட வேண்டாமுங்க” என்று நாச்சிமுத்து ஸ்பேனரைப் பைக்குள் போட்டான்.