பொன்மலருக்கு ஒரு நடைபாதை

எழுந்து நின்றதே இல்லை, ஆனாலும் பள்ளிக்கூடம் வரைக்கும் போகும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்! பாதை என்கிறீர்களா? சரிதான். ஆனால் புன்னைவயல் மேஸ்திரிகள் மூன்று பேரிடம் மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

புன்னைவயல் பள்ளி வளாகத்தில் மழை பெய்தால் வாசலிலிருந்து வகுப்பு வரை சேறு. ஐந்தாம் வகுப்புப் பொன்மலரின் சக்கர நாற்காலி அதில் புதைந்துவிடும். அப்பாதான் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பார். அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தோழி பர்வீனோடு வாயடித்துக்கொண்டே தானாகப் போக வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

தலைமையாசிரியை லூர்துமேரி மேஸ்திரி மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

"நாற்காலியும் பக்கத்துல ஒரு பிள்ளையும் போற அகலத்துல ஒரு பாதை வேணும். வழுக்கக் கூடாது. தண்ணி தேங்கக் கூடாது. புரிஞ்சுதா?"

மாசிலாமணிக்கு நன்றாகவே புரிந்தது. கூட்டாளி மேஸ்திரிகள் சவரிமுத்துவையும் எட்டியப்பனையும் கூட்டிக்கொண்டு நேரே பொன்மலர் வீட்டுக்குப் போய், நாற்காலியையும் பர்வீனையும் சேர்த்துக் கைகளை விரித்து அளந்தார். விரித்த கையோடு தெருவில் நடந்தார். மூக்கில் கொசு உட்கார்ந்தது.

"சவரி, அடிடா!"

"அடிச்சா நீ ஆடுவே அண்ணே. அளவும் ஆடிடும்."

"அப்ப ஊதுடா!"

சவரிமுத்து பள்ளிக்கூடம் வரை ஊதிக்கொண்டே வந்தான்.

அகலம் கிடைத்தது. அடுத்து, தண்ணீர் தேங்காத இடம் எது? மூவரும் தலையைச் சொறிந்தார்கள்.

"கூரை!" என்றான் எட்டியப்பன்.

"கூரை வழுக்குமே?"

"இந்த ஊர்ல யாராவது கூரையில வழுக்கி விழுந்திருக்காங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"யாரும் ஏறினதில்லை."

"பாத்தியா, எவ்வளவு பத்திரமான இடம்!"

மாசிலாமணிக்கு அந்தக் கணக்கில் ஒரு குறையும் தெரியவில்லை. வாசலிலிருந்து வகுப்பு வரை தரையிலேயே, நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் ஓட்டுக்கூரை போடுவதென்று முடிவானது.

ஓடு ஏற்றிய தள்ளுவண்டி சேற்றில் புதைந்தது. அதனால் பக்கத்திலேயே செங்கல் பதித்து, வண்டிக்கென்று ஒரு வழி போட்டார்கள். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தாலும் இடிக்காத அகலம். சக்கரம் வழுக்கினால் ஓடு உடையுமே என்று சொரசொரப்பான கல். தண்ணீர் வடிய ஒரு பக்கம் லேசான சாய்வு.

வேலை முடிந்த அன்று நல்ல மழை. லூர்துமேரி குடையோடு வந்து கூரையைப் பார்த்தார்.

"இதுல யாருய்யா நடப்பாங்க?"

"காலையிலேருந்து பூனை நடக்குதும்மா. ஒரு தடவைகூட வழுக்கலை."

அதற்குள் பொன்மலர் செங்கல் வழியில் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் பர்வீன். பேச்சு சுவாரசியத்தில் இருவரும் யாரையும் பார்க்கவில்லை.

"பாப்பா, அது பாதை இல்லை! அது வண்டி போற வழி! பாதை இங்கே இருக்கு!" என்று மாசிலாமணி பதறினார்.

அவர்கள் வகுப்புக்குள் போய்விட்டார்கள்.

"அந்த வழியே இருக்கட்டும்" என்றார் லூர்துமேரி.

மாசிலாமணிக்கு முகம் தொங்கிப்போயிற்று. அப்போது சவரிமுத்து கேட்டான்: "கூரை தயாரா இருக்கு. அடியில ஒரு வகுப்பு கட்டிட்டா என்ன அண்ணே?"

மூவரும் உடனே கடப்பாரை எடுத்துத் தோண்டத் தொடங்கினார்கள். சாப்பாட்டு மணி அடித்தபோது குழிக்குள்ளிருந்து மாசிலாமணியின் தலை எட்டிப்பார்த்தது.

"பாப்பா, ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

பொன்மலர் கிழக்குப் பக்கம் என்றாள்.